சத்தமில்லாத சீற்

மண்கும்பான் அப்புத்துரை இறந்தது எழுபத்தெட்டாம் ஆண்டில். அவருடைய சாவைச் சொல்லப் போனவர்கள் வேலணையில் பாதி வீடுகளை விட்டுவிட்டார்கள். விடப்பட்டவர்கள் செத்தவீட்டுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் சாவைக் கேள்விப்படுவது வேறு, சாவு சொல்லப்படுவது வேறு. அடுத்த வளவில் அழுகுரல் எழுந்தாலும், ஒருவர் முறைப்படி வாசற் படலைக்கு வந்து சொல்லும்வரை உறவுக்காரர் எழும்பமாட்டார்கள். அந்தச் சொல்லும் வேலையை மண்கும்பானிலிருந்து ஊர்காவற்றுறை வரை பல வருடங்களாகச் செய்தவர் அப்புத்துரை. தன்னுடையதை மட்டும் அவரால் சொல்லிவிட்டு வர முடியவில்லை.

அவரைப் பெரிய மனிதர் என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. உடம்பால் பெரியவர், அதில் ஐயமில்லை. புகையிலைத் தோட்டம் செய்தார். சாப்பாட்டுப் பிரியர், முன்கோபி, தம்பியோடு கடைசிவரை வேலிச் சண்டை பிடித்தவர். ஆனால் ஒரு வீட்டில் உயிர் போனால் யாருக்கு முதலில் சொல்லவேண்டும், யாருக்குப் பிறகு சொல்லவேண்டும் என்ற ஒழுங்கு அவருக்குப் பிசகாது. தமையன் இருக்கத் தம்பிக்கு முதலில் சொன்னால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் அவரையே அனுப்பினார்கள்.

சைக்கிளில் வருவார். படலைக்கு வெளியே ஒரு காலை நிலத்தில் ஊன்றி நிற்பார். உள்ளே போகமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார். இறந்தவரின் பெயரைச் சொல்லி, “மோசம் போட்டார்” என்பார். பிரேதம் எடுப்பது எப்போது என்று சொல்வார். திரும்பிப் பாராமல் போய்விடுவார். வேறு யாரும் வந்தால் “வாருங்கோ” என்று கூப்பிடும் வீடுகள் அவரைக் கண்டால் ஒரு சொல்தான் கேட்கும்: “ஆர்?”

அவர் பாரத்துக்குச் சாதாரண சைக்கிள் சீற்றுகள், அதாவது இருக்கைகள், நிற்பதில்லை. ஒன்றின் கம்பி நடுத்தெருவில் முறிந்து அவரை அல்லைப்பிட்டிப் பாலத்தடியில் கிடத்தியது. அதன்பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த தோல் சீற் ஒன்றை வாங்கிப் பூட்டினார். பின்பக்கம் இரண்டு தடித்த சுருள் ஸ்பிறிங், முன்பக்கம் ஒன்று. பதினைந்து வருடம் அதில்தான் ஓடினார். தோல் அவருடைய உடம்புக்கு ஏற்பக் குழிந்து, அவர் இறங்கிய பின்னும் அவர் இருப்பதுபோலவே கிடக்கும்.

மகள் சறோஜினிதேவிக்கு இருபத்தாறு வயதாகியும் ஒன்றும் பொருந்தவில்லை. பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லை. சம்பந்தம் பேசப் போகக்கூடியவர் தகப்பன் ஒருவரே. அறுபத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம், சரவணையில் ஒரு வீட்டுக்கு, நல்ல நாள் பார்த்து, வெளுத்த வேட்டி கட்டி, வெற்றிலையும் வாழைப்பழமும் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே புறப்பட்டார்.

அந்த வீட்டில் மாப்பிள்ளையின் தாய் முற்றத்தில் அவித்த நெல்லைப் பரவிக்கொண்டு நின்றாள். புருசன் அனுராதபுரத்தில் கடை வைத்திருந்தார். அப்புத்துரை படலைக்கு வருமுன்னரே அவள் நெல்லின்மேல் விழுந்து குழறி அழத் தொடங்கிவிட்டாள்.

“ஐயோ, என்ரை ராசா! என்னை விட்டிட்டுப் போட்டியளே!”

அயல் முழுவதும் ஓடிவந்தது. அப்புத்துரை பையைத் தூக்கிக் காட்டினார்.

“பிள்ளை, அழாதையும். ஒருதரும் சாகேல்லை. நான் நல்ல விசயமா வந்தனான்.”

“நல்ல விசயத்துக்கு வாற ஆள் உந்தச் சத்தத்தோடையோ வாறது?” என்று வேலிக்கு மேலால் ஒருவர் கேட்டார்.

“என்ன சத்தம்?”

நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அண்ணை, நீங்கள் சந்தியிலை திரும்பேக்கையே ஆர் செத்ததெண்டு கேக்க நாங்கள் படலைக்கு வந்திடுவம். உந்தச் சீற் குழறிறது உங்களுக்குக் கேக்கிறேல்லையோ?”

அந்தத் தாய் எழுந்து, நெல் ஒட்டிய முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். உயிரோடு இருக்கும் புருசனுக்கு ஊரைக் கூட்டி அழுதவள் அவள். அந்த அமங்கலத்தைக் கொண்டுவந்தவர் அப்புத்துரை. வெற்றிலையை யாரும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார்.

“எங்களுக்குச் சின்னனிலையிருந்து கேக்குது,” என்றாள் சறோஜினிதேவி. “அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா சோத்துப் பானையை இறக்கிறவ.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உங்களுக்குத் தெரியாதெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவருக்கு உண்மையாகவே தெரியாது. தன் மூச்சின் ஒலியை ஒருவர் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் நித்திரை கொள்ள முடியாது. அப்புத்துரை அன்று சைக்கிளை முற்றத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். மனைவி பரிமளம் குசினி வாசலில் நின்று, “இந்தா, இப்ப… இந்தா, இப்பவும்…” என்று கைகாட்டிக்கொண்டு நின்றாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சைக்கிள் இல்லாமல் போகவும் ஏலாது. முழங்கால்கள் அவர் பாரத்தை எப்போதோ கைவிட்டிருந்தன. பஸ் பெருந்தெருவோடு போய்விடும். வீடுகள் இருப்பது மணல் ஒழுங்கைகளுக்குள். அந்தச் சத்தத்தோடு இனி எந்தப் படலைக்கும் சம்பந்தம் பேசப் போகமுடியாது. மகளுடைய கலியாணம் இப்போது ஒரு சீற்றில் நின்றது.

வங்களாவடிச் சந்தியில் யாக்கோப்பு சைக்கிள் திருத்தும் கொட்டில் வைத்திருந்தான். ஈர்க்கு மாதிரி மெலிந்த மனிதன், வாய் மட்டும் பெரிது. அவன் பழைய சீற்றில் ஏறி ஒரு சுற்று ஓடினான். சத்தமே இல்லை.

“பாத்தியளோ அண்ணை? நான் ஏறினால் உதுக்கு ஆள் ஏறினதே தெரியாது. நீங்கள் ஏறினவுடனை சுருளோடை சுருள் முட்டுது. உப்புக் காத்திலை கம்பி கறள் பிடிச்சுப் போட்டுது. முட்டினால் கத்தாமல் என்ன செய்யும்?”

“கிறீஸ் போடும்.”

“போட்டா உங்கடை மண்கும்பான் மணல் முழுக்க அதிலை ஒட்டும். பிறகு குழறாது, பல்லை நெருடும்.”

இருவரும் ஒரு காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார்கள். பெரியகடைப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகச் சீற்றைப் பூட்டி, அப்புத்துரையை ஏற்றி இருத்தினார்கள். கடைக்காரர் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, சுவரையும் ஆரும் பிடிச்சால் நல்லது,” என்றார்.

“வாயைப் பொத்திக்கொண்டு பிடியும்.”

முதலாவது, றெக்சின் உறை போட்ட மெத்தைச் சீற். அப்புத்துரைக்கு இருந்தவுடன் பிடித்துவிட்டது. யாக்கோப்பு தலையை ஆட்டினான். “இருக்கேக்கை சுகந்தான். ரெண்டு கட்டை தூரம் போனாப்பிறகு கீழை கிடக்கிற தகரத்திலைதான் இருப்பியள்.” இரண்டாவது, தோல் சீற், மெல்லிய கம்பியில் பல சுற்றுச் சுருள். தொட்டில்போல ஆடியது. யாக்கோப்பு குனிந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தென்னீர்க்கைச் சுருள்களின் இடையில் நுழைத்துப் பார்த்தான். ஈர்க்கு போகவில்லை.

“இது ஒரு மாதத்திலை பேசும்.”

மூன்றாவது அகலமான தோல் சீற். தோல் பலகை மாதிரி விறைத்திருந்தது. தடித்த கம்பியில் மூன்றே சுற்று, சுற்றுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. அப்புத்துரை ஏறியிருந்தார். முகம் கோணியது.

“கல்லிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு.”

யாக்கோப்பு ஈர்க்கை நுழைத்தான். அது தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. “இதுதான் அண்ணை. நோகும். மாரி முடியிறதுக்கிடையிலை தோல் உங்கடை உடம்பை அறிஞ்சுகொள்ளும். எண்ணெய் கிண்ணெய் பூசிப்போடாதையுங்கோ, தோல் தொங்கிப்போம். அடிப்பக்கத்திலை கொஞ்சம் மெழுகு தடவினால் காணும். முன்பக்கத்தை ஒரு விரல் உயத்திப் பூட்டுவம், இல்லாட்டில் கை ரெண்டும் விறைக்கும்.”

“இது கத்தாதெண்டு என்ன நிச்சயம்?”

“முட்டாத சாமான் கத்துமோ?”

பழைய சீற்றை யாக்கோப்பு தன் கொட்டில் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். வாங்க ஆளில்லை, எறியவும் அவனுக்கு மனம் வரவில்லை.

புதிய சீற் இரண்டு மாதம் அவரை வருத்தியது. ஆனால் சத்தம் போடவில்லை. படலைகளில் அவர் திடீரென்று நின்றபோது பெண்கள், “இதென்ன, பேய் மாதிரி!” என்று நெஞ்சைப் பிடித்தார்கள், பிறகு பயம் தெளிந்து, “வாருங்கோ” என்றார்கள். அந்தச் சொல்லை முதல்தடவை கேட்ட அன்று அவர் இறங்கி உள்ளே போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததாகப் பரிமளம் பின்னாளில் சொல்வாள்.

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. அந்த நாட்களில் ஒரு சாவைச் சொல்ல அவர் புளியங்கூடலுக்குப் போனார். தமையனை இழந்த பெண் படலையடியில் அயலாளோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னபோது சிரிப்பு அவள் வாயில் அப்படியே நின்றுவிட்டது. முன்பென்றால் சந்தியில் சத்தம் கேட்டு, படலைக்கு அவர் வருவதற்குள் அவள் தன்னைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டிருப்பாள். பழைய சீற் மனிதருக்குக் கொடுத்தது அந்தக் கொஞ்ச நேரம். அதைத் தான் பறித்துவிட்டேனோ என்று அவர் யோசித்தார். யோசித்துவிட்டு விட்டுவிட்டார், அவருக்கு மகள் கலியாணம் முக்கியம்.

நாரந்தனையில் ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் சிவபாதம், ஊர்காவற்றுறை அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சாதகம் நன்றாகப் பொருந்தியது. தாய் மீனாம்பிகை மட்டுந்தான். தகப்பன் தில்லைநாதன் தெற்கே மாத்தறைக்கு அப்பால் ஒரு சிறுபட்டினத்தில் கடை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடை எரிந்தது. அவரைச் செத்துக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. எட்டு வருடமாக மீனாம்பிகை தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள்; ஆனால் எந்தக் கலியாணவீட்டுக்கும் போகவில்லை. அவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியவில்லை.

அப்புத்துரை தை மாதத்தில் போனார்.

“வாருங்கோ அண்ணை, இருங்கோ,” என்று நல்ல பலமான கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு முற்றத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள்.

“சீற் மாத்திப் போட்டியளோ?”

“ஓம் தங்கச்சி. மற்றது சத்தம்.”

“தெரியும். எட்டு வருசமா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். சந்தியிலை கேக்கும். பிறகு கோயிலடியிலை கேக்கும். எங்கடை படலைக்குக் கிட்ட வரும். நிக்காமல் போகும். ஊர்ச்சனம் எல்லாம் அது நிக்கக் கூடாதெண்டு கும்பிடும். நான் நிக்கவேணும் எண்டு கும்பிடுறனான்.”

அப்புத்துரை தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“பெடியனுக்குக் கலியாணம் செய்ய ஐயரைக் கேட்டனான்,” என்றாள் அவள். “தகப்பன் இருக்கிறாரெண்டால் வந்து மணவறையிலை நிக்கவேணுமாம். இல்லையெண்டால் முதலிலை கருமம் செய்யவேணுமாம். ரெண்டும் இல்லையெண்டால் பன்னிரண்டு வருசம் பொறுக்கட்டாம். அல்லாட்டில் செய்தி வரவேணுமாம். செய்தியை ஆர் அண்ணை இஞ்சை கொண்டுவாறது? நீங்கள்தானே கொண்டுவாறனீங்கள்.”

“தங்கச்சி, நான் பொய்ச் சாவு சொன்னதில்லை.”

“பொய்யெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“உண்மையெண்டும் தெரியாதே.”

“அந்தத் தெரியாத இடத்திலைதான் நான் எட்டு வருசமா இருக்கிறன். ஒருநாள் இருந்து பாருங்கோ.” அவள் குரல் உயரவில்லை. “வாற புதன்கிழமை வாங்கோ. பழைய சீற்றிலை வாங்கோ. ஊர் கேக்கவேணும். வந்து சொன்னியளெண்டால் ஒரு வருசத்து ஆட்டைத்திவசம் முடிய உங்கடை பிள்ளை இந்த வீட்டுக்கு வருவா. வராட்டில் என்ரை பெடியனுக்குக் கலியாணம் இல்லை. ஒருத்தியோடையும் இல்லை.”

அவர் வீட்டுக்கு வந்து பரிமளத்திடம் சொன்னார். பரிமளம் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

“சொல்லிவிடுங்கோவன். எட்டு வருசம். அந்த மனிசன் இனி எங்காலை வாறது?”

“நான் சொன்ன ஒருதரும் திரும்பி வந்ததில்லை, பரிமளம்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

“நீர் சொல்லுறது அதில்லை. அந்தாள் எங்கையோ ஒரு கடையிலை இப்ப தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தால்? நான் இஞ்சை படலையிலை நிண்டு சொல்ல, அங்கை கோப்பை கையிலையிருந்து விழுந்தால்?”

கத்தி நின்றது. “விசர்க் கதை கதையாதையுங்கோ,” என்றாள் பரிமளம். ஆனால் அதன்பிறகு அவள் அவரை வற்புறுத்தவில்லை.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆனால் ஒரு சாவு எப்போது சாவாகிறது என்ற கேள்விக்கு அந்தத் தீவில் ஒரு விடை இருந்தது: படலையில் சொல்லப்படும்போது. அந்த விடையைத் தன் வாயால் இத்தனை வருடம் நடத்திக் காட்டியவர், அதன் மறுபக்கத்துக்குப் பயப்பட்டதில் பிழை இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் முடிவு செய்தார். பொய்ச் சாவு சொல்வதில்லை. மீனாம்பிகையிடம் நேரே போய், தன்னால் ஏலாது என்று சொல்லிவிடுவது. மகளைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ஓம் அப்பா,” என்றாள். அந்தச் சம்பந்தம் போனால் அடுத்தது இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலை புதிய சீற்றிலேயே புறப்பட்டார். காற்று விழுந்திருந்தது. வெயில் ஏறியபோது வயல்வெளிக்கு அப்பால் கடல்நீர் தகடுபோல் அசையாமல் கிடந்தது. பனைகளில் ஓலை ஒன்றுகூட உரசவில்லை. வங்களாவடியில் யாக்கோப்பின் கொட்டில் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் அவரைப் பார்த்த விதம் மாறியது.

கிணற்றடியில் நின்ற ஒரு பெண் துலாவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். வாளி கிணற்றின் நடுவில் தொங்கியது. வேலி அடைத்துக்கொண்டிருந்த இருவர் வேலையை நிறுத்தினார்கள். ஒருவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். கொஞ்சத் தூரத்தில் ஒரு கிழவர் வேலியில் இருந்த பொட்டுத் துவாரத்துக்குள்ளால் தலையை நீட்டினார்.

“ஆர்?”

“ஒருதருமில்லை அண்ணை. சும்மா போறன்.”

கிழவர் நம்பவில்லை. தலையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

சீற் மாற்றியதிலிருந்து யாரும் அவரைக் கேட்காத கேள்வி அது. அப்புத்துரை ஒரு பூவரச மரத்தின் கீழ் இறங்கினார். சீற்றைக் கையால் அழுத்தினார். முழுப்பாரத்தையும் இரண்டு கையிலும் போட்டு அழுத்தினார். சத்தம் இல்லை. சட்டைப்பையில் யாக்கோப்பு கொடுத்த ஈர்க்கு இருந்தது, ஸ்பிறிங்கினுள் நுழைத்தார், போய் வந்தது. ஏறினார். காதைக் கொடுத்துக்கொண்டே மிதித்தார். சங்கிலி ஓடுவது கேட்டது, சில்லின் கீழ் மணல் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

நாரந்தனைச் சந்தியில் திரும்பினார். ஒழுங்கையில் ஒவ்வொரு படலையும் திறந்தது. அவர் கடந்து போன வீட்டார் மூச்சு விட்டார்கள்; கடக்காத வீட்டார் அவரையே பார்த்தார்கள். இந்த முகங்கள் அவருக்குப் பழக்கம். அந்த முகங்களை உண்டாக்கும் சத்தம்தான் எங்கே என்று தெரியவில்லை. கோயிலடியைத் தாண்டினார். மீனாம்பிகையின் படலை இன்னும் ஒரு வளைவுக்கு அப்பால் இருந்தது. அவளால் அவரைக் காணமுடியாது.

அழுகுரல் அப்போது எழுந்தது.

அவர் படலைக்கு வந்தபோது மீனாம்பிகை தலைமயிரை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் இருந்தாள். அயல்பெண்கள் வேலிப் பொட்டுகளுக்குள்ளால் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். எட்டு வருடத்துக் குரல் அது. தொண்டையிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. அப்புத்துரை ஒரு காலை ஊன்றி நின்றார். சொல்ல வந்தது ‘என்னாலை ஏலாது’ என்பது. வாயைத் திறந்தார். சிவபாதம் படலைக்கு வந்து அவர்முன் நின்றான். அவன் “ஆர்?” என்றும் கேட்கவில்லை, “வாருங்கோ” என்றும் சொல்லவில்லை.

“தம்பி…” என்றார்.

“கேட்டது ஐயா,” என்றான் சிவபாதம். “சந்தியிலை திரும்பேக்கையே கேட்டது.”

இல்லை என்று அவர் அப்போது சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் சீற்றும் ஒன்றும் சொல்லவில்லை என்று அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் உரத்துச் சொல்லியிருக்கலாம். மகளை நினைத்துச் சும்மா நின்றாரா, பயத்தில் நின்றாரா என்று அவருக்கே பிற்பாடு பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பினார். வழக்கம்போலத் திரும்பிப் பாராமல் போனார்.

யாக்கோப்பின் கொட்டில் இப்போது திறந்திருந்தது. பழைய சீற் ஆணியில் தொங்கியது. இரண்டு ஸ்பிறிங்குகளுக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. வலை அறுபடவில்லை.

“உதை ஆரும் எடுத்தவையோ?”

“உதை ஆரண்ணை எடுக்கிறது? உங்களை விட்டால் ஆருக்குப் பொருந்தும்?”

“நான் இப்ப ஓடுறன். சத்தம் கேக்குதோ எண்டு பாத்துச் சொல்லும்.”

சந்தியில் ஒருமுறை போய் வந்தார். யாக்கோப்பு காதைச் சரித்துக்கொண்டு நின்றான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“கேட்டதோ?”

“ஒண்டும் கேக்கேல்லை,” என்றான் யாக்கோப்பு. “காணும் அண்ணை, இறங்குங்கோ.” அவன் கொட்டிலின் பின்பக்கம் திரும்பி வீட்டை நோக்கி, “ஞானசவுந்தரி!” என்று மனைவியைக் கூப்பிட்டான். பதில் இல்லை. “எடி, ஞானசவுந்தரி!” குசினிக்குள்ளிருந்து, “என்னப்பா, ஏன் கத்திறியள்?” என்று அவள் குரல் வரும்வரை அவன் அப்புத்துரையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

மீனாம்பிகை தாலியைக் கழற்றினாள். தருப்பைப் புல்லால் உருவம் செய்து சிவபாதம் கொள்ளி வைத்தான். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி நடந்தது, அடுத்த வருடம் ஆட்டைத்திவசம் நடந்தது, சித்திரையில் கலியாணம் நடந்தது. தில்லைநாதனைப்பற்றி அதன்பிறகும் ஒரு செய்தியும் எங்கிருந்தும் வரவில்லை. மீனாம்பிகை முன்பைவிடச் சுகமாக இருந்தாள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். நன்றாகச் சாப்பிட்டாள், அயலோடு சிரித்துப் பேசினாள். வளைவுக்கு அப்பால் வந்த ஆளை எப்படி அறிந்தாள் என்று அப்புத்துரை அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வியந்திருப்பாள். ஊர் முழுக்கக் கேட்ட சத்தம்.

அவர் சாவு சொல்வதை விட்டுவிட்டார். வந்து கூப்பிட்டவர்களிடம் முழங்காலைக் காட்டினார். யாக்கோப்பிடம் போய் இன்னும் இரண்டு சீற்றுகளைப் பார்த்தார். ஒன்றில் ஸ்பிறிங்கே இல்லை. யாக்கோப்பு, “அண்ணை, உள்ளது நல்ல சீற். இதைவிட நல்லது இந்தத் தீவிலை இல்லை,” என்றான். அது உண்மை. மாரி இரண்டு கடந்து தோல் அவருடைய உடம்பை நன்றாக அறிந்திருந்தது. அதில் இருப்பது இப்போது சுகமாகவே இருந்தது.

மகளைப் பார்க்க முதல்தடவை தனியாகப் போனது ஆடிப் பிறப்பன்று. கொழுக்கட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சாட்டிவரை மிதித்தார். அங்கே ஒரு பெண் தலையிலிருந்த விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். களைப்பில் இறக்கியிருக்கலாம். அப்புத்துரை இறங்கினார். அதற்குப் பிறகு ஏறவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, அந்த முழங்கால்கள், சோழகக் காற்று முகத்தில் அடிக்க, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஐந்து கட்டைக்கு, அதாவது ஐந்து மைலுக்கு, மேல் நடந்தார். வழியில் கண்டவர்கள் காற்றுப் போய்விட்டதா என்று கேட்டார்கள். ஓம் என்றார். வங்களாவடியில் யாக்கோப்பு ஓடிவந்து சில்லை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நாரந்தனைச் சந்தியில் ஒருமுறை நின்று மூச்சு எடுத்தார். ஒழுங்கையில் படலைகள் சாத்தியே இருந்தன. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு மனம் ஆறியது. கோயிலடியைத் தாண்டினார். வளைவால் திரும்பினார்.

சறோஜினிதேவி படலைக்கு வெளியே வந்து நின்றாள். கையில் பாதி துலக்கிய குத்துவிளக்குத் தட்டு. புளி முழங்கைவரை வழிந்திருந்தது. உள்ளேயிருந்து நெடுநேரத்துக்கு முன்பே ஓடிவந்து நின்றவளின் நிலை அது. அவர் சீற்றில் இல்லை, பக்கத்தில் நடந்து வருகிறார் என்பதை அவள் பார்த்தாள். பார்த்தும் முகம் மாறவில்லை.

“ஆர் அப்பா?” என்றாள்.

அப்புத்துரை சைக்கிளை வேலியோடு சாத்தினார். கரியரில் கட்டியிருந்த கொழுக்கட்டைப் பொதியை அவிழ்க்கக் கை வரவில்லை.

“ஒருதருமில்லை, பிள்ளை,” என்றார். “சும்மா வந்தனான்.”